பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு குஸ்தி

தம்பி ஜீவனுக்குப் பெண் பார்க்க பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போன அன்று மாதவி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கையில் பழத்தட்டு. கதவைத் திறந்தவள் பெண்ணின் அக்கா. அவளைப் பார்த்ததும் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, ஓர் ஆரஞ்சு உருண்டு செருப்புகளுக்கு நடுவே போய் நின்றது.

"நீயா?" என்றாள் தாமரை.

"நானேதான்" என்றாள் மாதவி.

பள்ளிக்கூட நாளில் அந்த வட்டாரத்தில் பெண்கள் மல்யுத்தம் என்றால் இவர்கள் இரண்டு பேர்தான். மாதவிக்குப் பட்டப்பெயர் கிரேன். இடுப்பில் அவள் கை விழுந்தால் எதிராளியின் கால் தரையில் நிற்காது. தாமரையை யாராலும் மல்லாத்திப் போட முடியாது. கரையில் விழுந்த மீனாகத் துள்ளிக் குப்புறத் திரும்பிவிடுவாள். கடைசி வருட இறுதிப் போட்டியில் மாதவி அவளைத் தூக்கிப் போட்டு மேலே படுத்தாள். நடுவர் கிருபானந்தன் சார் தரையோடு கன்னத்தை ஒட்டிப் படுத்து, தோள் இரண்டும் விரிப்பில் படுகிறதா என்று எட்டிப் பார்த்தார். இரண்டும் பட்டால் தோல்வி. விரிப்பை ஓங்கி ஒரு அறை. விசில். மாதவிக்குத் தங்கம். தன் இடது தோள் படவே இல்லை என்று தாமரை அன்றைக்கே அழுதாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெண் அமுதவள்ளி டீ கொண்டு வந்தாள். மாதவியின் அம்மா இராஜம்மா, "சமைக்க வருமாம்மா?" என்று கேட்டார்.

"எல்லாம் வரும் ஆன்டி" என்று தாமரை முந்திக்கொண்டாள். "ஆனா பொய்யா ஜெயிச்சவங்க வீட்டுல பொண்ணு குடுக்கணுமான்னுதான் பாக்கறேன்."

"யாருடி பொய்யா ஜெயிச்சா?" மாதவி டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ரெண்டு தோளும் பட்டுச்சு. ஹாலே பாத்துச்சு லா."

"தாமரை, கொஞ்சம் சும்மா இரும்மா" என்று கெஞ்சினார் அவளுடைய அப்பா சின்னையா. யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

அமுதவள்ளிதான் அமைதியாகச் சொன்னாள்: "எதுக்கு சண்டை? கிருபானந்தன் சார் பக்கத்துக் குடியிருப்புத் தாமான்லதான் இருக்காரு. கூப்பிட்டுக் கேட்டுருவோம்." சொன்ன கையோடு போனையும் எடுத்துவிட்டாள். சொல்லும்போது அவள் ஜீவனை ஒரு தடவை பார்த்தாள். அதை ஜீவன் மட்டும் கவனித்தான்.

சார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. கழுத்தில் விசில் மட்டும் பளபளத்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சும் மாறவில்லை.

"சார், என் தோள் பட்டுச்சா, இல்லையா?"

"எத்தனையோ தோள் பாத்திட்டன், பிள்ளை. ஞாபகத்தில தீர்ப்புச் சொல்ல மாட்டன். கண்ணால பாத்தாத்தான் சொல்லுவன். திரும்பப் பிடியுங்கோ."

இரண்டு பேரும் அதற்குத்தான் காத்திருந்தவர்கள்போல எழுந்தார்கள். மாதவி அமுதவள்ளியின் டிராக் பேன்ட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். கார்களை வெளியே எடுத்து, போர்ச்சில் மெத்தைகளை விரித்தார்கள்.

"நேரம் பாக்க ஆள் வேணும்" என்றார் சார்.

"சமையலறைக் கடிகாரம் கரெக்டா ஓடும் சார்" என்றாள் அமுதவள்ளி. "நாங்க ரெண்டு பேரும் அங்கேருந்து பாத்து சொல்றோம்." ஜீவன் தலையாட்டிக்கொண்டே அவள் பின்னால் உள்ளே போனான்.

விசில் ஒலித்தது. தாமரை குனிந்து காலுக்குப் பாய்ந்தாள். மாதவி விலகினாள், விலகிய இடத்தில் பூந்தொட்டி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியில் சாய்ந்து நின்றார்கள். அதுவரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த இராஜம்மா திடீரென்று, "இடுப்ப புடிடி, இடுப்ப!" என்று கத்தினார்.

சார் அவரைப் பார்த்து விசில் ஊதினார். "அம்மா, வெளியில நிண்டு சொல்லிக்குடுக்கக் கூடாது."

மூச்சு வாங்கியது. இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் தலையை முட்டுக்கொடுத்தபடி நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டிப்பிடித்து அழுவதுபோல இருக்கும்.

"சார்... டைம் முடியலையா?" என்று முனகினாள் தாமரை.

"உள்ளேயிருந்து இன்னும் சத்தம் வரேல்ல. பிடியுங்கோ."

மாதவி கடைசிப் பலத்தையும் திரட்டித் தாமரையின் இடுப்பைப் பிடித்தாள். கால் தரையை விட்டு எழும்பியது உண்மை. ஆனால் அதற்குள் மாதவியின் முதுகில் என்னமோ பிடித்துக்கொண்டது. அவளும் சாய்ந்தாள், இவளும் சாய்ந்தாள். அடுத்த நொடியில் நான்கு தோளும் மெத்தையில் கிடந்தன. சார் குப்புறப் படுத்து, ஒவ்வொரு தோளாக ஊர்ந்து ஊர்ந்து பார்த்தார்.

சந்தேகம் வந்து சின்னையா சமையலறைக்கு ஓடினார். அங்கே ஜீவனும் அமுதவள்ளியும் ஒரே தட்டில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டைம் அப்பவே முடிஞ்சுருச்சு அங்கிள்" என்றான் ஜீவன் கூச்சத்தோடு. "பேசிக்கிட்டே இருந்துட்டோம்."

"எங்களுக்கு சம்மதம்ப்பா" என்றாள் அமுதவள்ளி. "அக்காங்க ரெண்டு பேரும் கூடத்துல உக்காந்திருந்தா, எங்கள ஒரு வார்த்த பேச விட்டுருப்பாங்களா?"

சேதி போர்ச்சுக்கு வந்ததும் சார் படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "நேரம் முடிஞ்ச பிறகு நடந்தது செல்லாது."

"அப்ப பழைய ஆட்டம்?" இரண்டு குரலும் ஒன்றாக எழுந்தன.

"அது அப்பவே சொல்லியாச்சு."

தாமரை மெல்லத் தலையைத் திருப்பினாள். "இவருக்கு அந்தக் காலத்துலேயே கண்ணு சரியில்ல, மாதவி."

"இப்பக் காதும் போச்சு" என்றாள் மாதவி. "நாம செத்திருப்போம், இவரு சத்தம் வரலன்னு நின்னுருப்பாரு."

சிரித்தபோது மாதவிக்கு முதுகு இன்னும் வலித்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. உள்ளே இராஜம்மா தை மாதத்தில் நாள் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"நடுவரை அவமதிச்சதுக்கு ரெண்டு பேருக்கும் எச்சரிக்கை" என்றார் சார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "பிள்ளையள், என்னை ஒருக்கா எழுப்பி விடுங்கோ. இடுப்புப் பிடிச்சுப் போட்டுது" என்றார்.