பின்பக்கம் யாரோ தட்டுகிறார்கள்

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜாபருக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் சொந்தமாக ஒரு கார் வாய்த்தது. மூன்று கை மாறி வந்த வெள்ளைக் கார். வெள்ளிக்கிழமைகளில் அவர் தன்னைவிடக் காரைத்தான் அதிக நேரம் குளிப்பாட்டுகிறார் என்று அவர் மனைவி ரஹீமுன்னிசா தண்டையார்பேட்டையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு மாதமாக அந்தக் காரில் ஒரு சத்தம். பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’. ஏறினால் ‘டொக் டொக்’. முதலில் கேட்டவள் ரஹீமுன்னிசாதான். ஜாபருக்குக் கேட்கவில்லை. அதாவது, கேட்கவில்லை என்று சொன்னார்.

“அது ரோட்டு சத்தம்மே. பக்கத்துல டிரெய்லர் போவுது பாரு.”

“டிரெய்லர் போயி பத்து நிமிசம் ஆவுது. இது இன்னும் தட்டிகினே கீது. உள்ள யாரோ மாட்டிகினு கதவத் தட்ற மாதிரி.”

மகள் உமைமா எண்ணூரில் மாமியார் வீட்டில் இருந்தாள். எட்டாம் மாதம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். ரஹீமுன்னிசா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“வயித்துப் புள்ளய இந்த வண்டில ஏத்த மாட்டேன். நா ஆட்டோல இட்டுகினு வரேன். நீங்க பின்னாடியே டொக்கு டொக்குனு வாங்க.”

அது ஜாபருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே வியாசர்பாடியில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் பீம்ராவிடம் போய் நின்றார். இருபது வருடத் தோஸ்து. பீம்ராவ் முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, “புஷ் போயிகீது பாய்” என்றார். புது ரப்பர் புஷ் போட்டார். பிறகு ஷாக் அப்சர்பரையும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் இருவரும் பேசின் பிரிட்ஜ் வரை ஓட்டிப் பார்த்து, “சத்தமே இல்ல” என்று திருப்தியாகத் திரும்பினார்கள். ஒவ்வொரு முறையும் ரஹீமுன்னிசா ஏறி உட்கார்ந்து தெருமுனை தாண்டுவதற்குள் ‘டொக்’.

“நீ ஏறுனாதாம்மே சத்தம் வருது” என்றார் ஜாபர்.

சனிக்கிழமை காலை அவளே ஷெட்டுக்கு வந்துவிட்டாள். “வண்டிய எடுங்க. நானும் வரேன். ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. ஏறுனதுலேர்ந்து எறங்குற வரைக்கும் கத பேசிகினே ஓட்னா சத்தம் எப்டிக் கேக்கும்?”

மணலி ரோட்டில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே மூவரும் ஊமையாகப் போனார்கள். ஜாபருக்கு இரண்டு முறை பேச்சு தொண்டை வரை வந்து திரும்பியது. முதல் வேகத்தடையிலேயே பீம்ராவின் முகம் மாறிவிட்டது.

“பின்னாடி கேக்குது அண்ணி.”

“அதத்தான ஒரு மாசமா சொல்லிகினு கீறேன்.”

யாராவது டிக்கிக்குள் படுத்துக்கொண்டு கேட்டால்தான் இடம் தெரியும் என்றார் பீம்ராவ். அவருடைய உடம்பு அதற்குள் போகாது. ரஹீமுன்னிசா ஒல்லியான தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஜாபர் கால்களை மடக்கிக்கொண்டு படுத்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் உள்ளேயிருந்து மூன்று தட்டு தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அதில் உள்ள கோளாறு மூவரில் ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை. போதாக்குறைக்கு அவருடைய செல்போன் முன்சீட்டிலேயே கிடந்தது.

வண்டி கிளம்பியது. டொக்.

“இது வண்டியா, பாயா?” என்றார் பீம்ராவ்.

“வண்டிதான். அவரு தட்னா இவ்ளோ ஒழுங்கா வராது.”

கொஞ்ச தூரம் போனதும் டொக் டொக் டொக். பிறகு மழை மாதிரி விடாமல். பீம்ராவ் உற்சாகமாகிவிட்டார். “சத்தம் ஜாஸ்தியாகீது அண்ணி! இன்னொரு ரவுண்டு போனா கண்டுபுட்ச்சிரலாம்.”

சிக்னலில் வண்டி நின்றது. தட்டல் நிற்கவில்லை. ஒரு டிராபிக் போலீஸ்காரர் நடந்து வந்து ஜன்னலில் குனிந்தார்.

“டிக்கில யாரு?”

“என் வூட்டுக்காரரு சார்” என்றாள் ரஹீமுன்னிசா. சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்கே புரிந்தது. “அவராத்தான் சார் படுத்தாரு” என்று சேர்த்துக்கொண்டாள். அது இன்னும் மோசமாகக் கேட்டது.

டிக்கி திறந்தது. டேங்கர் டிரைவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்க்க, ஜாபர் எழுந்து உட்கார்ந்தார். தொப்பி கோணியிருந்தது. தாடியெல்லாம் தூசி. கையில் சாண் நீளத்துக்கு ஒரு கருங்கல்.

போலீஸ்காரர் கல்லைப் பார்த்தார். ரஹீமுன்னிசாவைப் பார்த்தார். ஜாபரிடம் குரலைத் தாழ்த்தி, “அம்மா அடிச்சாங்களா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல சார்.”

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். இனி ஆளை சீட்டில் உட்கார வைத்து ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஜாபர் பின்சீட்டில் ஏறி, கல்லை இரண்டு கையாலும் மனைவியிடம் நீட்டினார். “சக்கர மேட்டாண்ட ஒரு பொந்து. அதுக்குள்ள பூந்துகினு உருண்டுகினு இருந்துச்சு. யார்துமே இது?”

அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டில் இஞ்சி பூண்டு தட்டும் கல்லுரலின் குழவி. போன மாதம் உமைமா வீட்டு விருந்துக்கு உரலையும் குழவியையும் இதே டிக்கியில்தான் போட்டுக் கொண்டு போனாள். திரும்பி வந்தபோது உரல் மட்டும் இறங்கியது. குழவியைக் காணோம் என்றதும், அடிக்கடி இரவல் வாங்கிப் போகும் பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள்தான் தொலைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினாள். முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

பீம்ராவ் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அண்ணி, இப்ப பேசலாமா? இல்ல வாய மூடிகினே வரணுமா?”

அவள் குழவியை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் வாங்கிய பேச்சுக்குத் திருப்பிக் கொடுக்க ஜாபரிடம் நிறைய இருந்தது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் கேட்டார்.

“ஆவுடையம்மா வூட்டாண்ட நிறுத்தச் சொல்லட்டா?”

“ம்.”

குழவியைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டு அவள் தனியாக உள்ளே போனாள். ஜாபர் காரிலேயே காத்திருந்தார். முதலில் ஆவுடையம்மாளின் குரல் ஓங்கிக் கேட்டது. பிறகு ரஹீமுன்னிசாவின் குரல், இறங்கி, அழுவதுபோல. பிறகு திடீரென்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆவுடையம்மாள் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். “டிக்கில படுத்துகினு மணலி பூரா சுத்தினியாமே நைனா?”

தன்னை ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டுதான் சமாதானம் நடந்திருக்கிறது என்று ஜாபருக்கு விளங்கியது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்குக் கார்தான் போனது. திரும்பும்போது முன்சீட்டில் உமைமாவை உட்கார வைத்தார்கள். பின்சீட்டில் ரஹீமுன்னிசாவும் ஆவுடையம்மாளும். நெட்டுக்குப்பத்தில் இறால் வாங்க வேண்டும் என்று உமைமா ஆசைப்பட்டாள். பளபளவென்று துடைத்த காரில் மீன் வாடையா என்று ஜாபர் ஒரு நொடி யோசித்தார். பிறகு ஓரமாக நிறுத்தினார்.

மதியம் ஆவுடையம்மாள்தான் ஆக்கினாள். உமைமா மூன்று முறை சோறு போட்டுக்கொண்டாள்.