பால்மாப் பெட்டிக்குள் ஒரு கொம்பியூட்டர்

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையில் வரும் கொம்பியூட்டர் நான்தான். 1993இல் கொடிகாமத்தில் ஐந்து மாதம் அந்த வேலை பார்த்தேன்.

(முதலில் ‘விஞ்ஞானம் மனித வாழ்வை மாற்றியமைக்கும் இக்காலத்தில்...’ என்று தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2.

சீவரத்தினம் மாஸ்டர் கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்கியபோது போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. கொம்பியூட்டரும் இல்லை. இருந்தது ஒரு கொட்டிலும் பதினொரு மாணவரும். மட்டைகளில் விசைப்பலகை கீறிக் கொடுத்தார். பால்பவுடர் வந்த ஒரு பால்மா அட்டைப்பெட்டியில் சதுரமாக ஓட்டை வெட்டி என் தலையில் கவிழ்த்தார்.

“கரண்ட் வந்தால் மெஷினும் வரும். அதுவரைக்கும் நீதான் மெஷின், தம்பிஐயா.”

“நான் என்ன சேர் செய்யவேணும்?”

“பிள்ளையள் தட்டுறதைப் பார். சரியெண்டால் ‘சரி’ எண்டு சொல்லு. பிழையெண்டால் ‘பிழையான கட்டளை’ எண்டு சொல்லு. சிரியாதை. மெஷின் சிரிக்காது.”

செருப்பை வெளியே கழற்றவேண்டும். தூசி மெஷினுக்கு ஆகாதாம். நான் தும்மினால் வகுப்பே கவலைப்படும்.

3.

இனி நாகேஸ்வரி. அவள் சிரிக்கும்போது... (வெட்டிவிட்டேன். இது காதல் கதை அல்ல. சரி, கொஞ்சம்.)

மற்றப் பத்துப் பேருக்கும் ஈவிரக்கமில்லாமல் ‘பிழையான கட்டளை’ சொன்னேன். அவளுக்குச் சொன்னால் முகம் வாடிவிடும். அதனால் அவள் என்ன தட்டினாலும் ‘சரி’ என்றேன். “உவள் கெட்டிக்காரி” என்று மாஸ்டரே நம்பிவிட்டார்.

4.

யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு நிறுவனம் ஆள் எடுத்தது. ஜெனரேட்டரில் ஓடும் உண்மையான மெஷின். வீட்டில் உழைக்க வேறு ஆளில்லாததால் அந்த வேலையை அவள் மலைபோல நம்பியிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மெஷின் ஏழு தரம் பிழை காட்டியது.

“உங்கடை மெஷின் பழுது,” என்றாளாம். “எங்கடை கொம்பியூட்டர் ஒருநாளும் உப்பிடிச் சொல்லாது.”

அங்கிருந்தவர் நல்ல மனிதர். “திங்கட்கிழமை இன்னொருக்கால் வாங்கோ பிள்ளை” என்று அனுப்பிவைத்தார்.

(இடையில் ஒன்று. இனி வரப்போகும் மெஷின்கள் ஆளின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வேலையை நான் பார்த்திருக்கிறேன்.)

5.

முடிவுகள். ஒன்று: திடீரென்று கரண்ட் வருகிறது. (1993இலா? கிழித்தேன்.) இரண்டு: அவள் என்னை மன்னித்து, என் கையை... (எனக்கே வெட்கமாகிவிட்டது.)

நடந்தது இதுதான். மறுநாள் வெள்ளிக்கிழமை, பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். மட்டையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: எனக்கு உண்மையாவே கொம்பியூட்டர் தெரியுமோ?

நான் சொன்ன பதிலை எழுத மனம் வரவில்லை. பெட்டியைக் கழற்றி உங்கள் தலையில் வைக்கிறேன். கொஞ்சம் பால்மா மணக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள்.