சிங்கப்பெருமாள்கோயில் திருப்பம்

தங்கமாரிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். கணவன் மணிகண்டபிரபுவை அவள் அதிகம் பார்த்தது தூங்குகிற கோலத்தில்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவனுக்கு மெஷின் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. யாராவது லீவு போட்டால் அவர்களுக்கும் சேர்த்து இவன் ஓ.டி. பார்க்க வேண்டும்.

பிள்ளைப்பாக்கத்தில் நாகப்பன் வரிசையாகக் கட்டிவிட்டிருந்த ஆறு வாடகை வீடுகளில் நாலாவது அவர்களுடையது. ஒரே அறை. பகலில் அவன் படுத்திருந்தால் தங்கமாரி பிள்ளைகள் இரண்டையும் வெளியே கூட்டி வந்து, நாகப்பன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்துக்கொள்வாள். ஐந்து வயது சுகப்பிரியா கிசுகிசுவென்று பேசிப் பேசி, பள்ளிக்கூடத்திலும் அதே குரலில் பேசுகிறாள் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அந்த மாசி மாதம் தங்கமாரிக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. இரண்டு மாதம் முடிகிற சமயத்தில் ஒருநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். நாகப்பன் பெண்சாதி கிளியம்மாள்தான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மணிகண்டபிரபு பதினாறு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தான். கர்ப்பம் உண்டானதையே அவனிடம் சொல்லியிருக்கவில்லை. உறுதியானபின் நிதானமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். இப்போது அது கலைந்து போனதை எப்படிச் சொல்வது? மறுநாள் அவனாகவே, “ஏன் முகம் இப்படி வெளிறிக் கெடக்கு?” என்று கேட்டான். “காய்ச்சல்” என்றாள். கம்பெனி பஸ் ஹாரன் கேட்டது. அவன் ஓடினான். அதன்பிறகு சொல்வதற்கு ஒரு வேளை வாய்க்கவேயில்லை.

2005 மே மாதம். சின்னவன் நெல்லையப்பனுக்கு முதல் மொட்டை போட வேண்டும். குலதெய்வம் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில். வழக்கமாகப் பெருங்களத்தூரில் ராத்திரி பஸ் ஏறினால் நாலு பேரும் கழுத்தைத் தொங்கப் போட்டுத் தூங்கி விடிகாலையில் இறங்குவார்கள். இந்தமுறை நாகப்பன் விடவில்லை.

“பஸ்ல இந்தப் பசங்கள வெச்சிகினு இன்னாத்துக்கு அல்லாடுறீங்க? என் ஆம்னி வேன் சும்மாதான் கீது. எடுத்துகினு போங்க. பிரபுவுக்குத்தான் லைசென்ஸ் கீதே.”

“தூக்கம் கெட்ட ஆளு. நீ பக்கத்துல குந்திகினு பேச்சுக் குடுத்துகினே போ,” என்றாள் கிளியம்மாள்.

தங்கமாரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பகல் பயணம். பன்னிரண்டு மணி நேரம். முன்சீட்டில் அவன் பக்கத்தில் அவள். சூப்பர்வைசர் வந்து கூப்பிட முடியாது, படுக்கையில் போய் விழ முடியாது. ஒரு வாரமாகப் புளிக்காய்ச்சல் கிண்டும்போதும் துணி மடிக்கும்போதும் எங்கே ஆரம்பிப்பது, எந்த ஊர் தாண்டிச் சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிற நாளன்று விடிகாலை வரவேண்டியவன் காலை ஏழரைக்கு வந்தான். அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லையாம், சூப்பர்வைசர் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டாராம். கண் இரண்டும் சிவந்திருந்தது.

“கொஞ்சம் படுத்து எழுந்துட்டுப் போவமா?” என்றாள்.

“நாளைக் காலைல ஏழரைக்கு முகூர்த்தம். அண்ணன் கத்துவான். ஏறு.”

வல்லம் வடகாலைத் தாண்டி, ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயிலில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துத் தெற்கே திரும்பினார்கள். செங்கல்பட்டுப் பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை பேச்சே எழவில்லை. மேல்மருவத்தூர் வருமுன் சின்னவன் குடித்த பாலையெல்லாம் கக்கினான். கழுவித் துடைத்து மறுபடி ஏறியபோது, பின்சீட்டிலிருந்து சுகப்பிரியா குரல் கேட்டது.

“இங்கு... பஞ்சர்... ஒட்டப்படும்.”

மணிகண்டபிரபு கண்ணாடியில் பார்த்தான். “என்ன சொல்லுதா?”

“போர்டு படிக்கா.”

“வாசிக்கத் தெரியுமா இவளுக்கு?”

“ஆறு மாசமா வாசிக்கா.”

அவன் கொஞ்ச தூரம் போனதும் வேகத்தைக் குறைத்து, “அந்தா அது என்ன போட்டிருக்குன்னு சொல்லு பாப்போம்,” என்றான். அவள் சொன்னாள். அடுத்த போர்டு, அதற்கடுத்த போர்டு. உர மூட்டை விளம்பரம், கல்யாண மண்டபம், மைல் கல் எதையும் விடவில்லை. திண்டிவனம் வருவதற்குள் அவள் குரல் கிசுகிசுப்பிலிருந்து மேலேறிக் கத்தலாகியிருந்தது. யாரும் அடக்கவில்லை.

“அப்பா, அந்த மாடு ரோட்லயே நின்னுகினு கீது.”

“இது என்ன பாஷை?” என்று அவன் சிரித்தான். “என் மக மெட்ராஸ்காரி ஆயிட்டாளே.”

அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று தங்கமாரி யோசித்தாள். இப்போது சொல்லி இதைக் கெடுக்க வேண்டாம், விழுப்புரம் தாண்டட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

விழுப்புரம் தாண்டியது. வெயில் ஏறியது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் ஒண்ணு சொல்லணும்,” என்று தொடங்கினாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தாள். கை ஸ்டியரிங்கில் இருந்தது, கண் மூடியிருந்தது.

அவள் அலறியதும் அவன் விழித்து ஒடித்ததும் ஒரே நேரம். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் தடதடவென்று ஓடி, ஒரு புளியமரத்துக்கு நாலடி தள்ளி நின்றது. எதிரே வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டது. சுகப்பிரியா விழித்து, “ஊர் வந்திருச்சா?” என்று கேட்டாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“படுங்க,” என்றாள்.

“நேரம் ஆயிரும் பிள்ள.”

“ஆகட்டும். படுங்க.”

மரத்தடியில் போர்வையை விரித்தாள். தலை சாய்த்த நிமிஷமே அவன் தூங்கிப்போனான். உளுந்தூர்பேட்டைக்கு ஐந்து கிலோமீட்டர் என்று கல்லைப் பார்த்துச் சுகப்பிரியா சொன்னாள். தங்கமாரி பிள்ளைகளுக்குப் புளிசாதம் ஊட்டினாள். நுங்கு விற்றவளிடம் வாங்கிக் கொடுத்தாள். சின்னவன் ரோட்டுக்கு ஓடாமல் அவன் இடுப்பில் துண்டைக் கட்டி மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டாள். தூங்குகிற கணவன் முகத்தில் ஈ உட்காராமல் சேலைத் தலைப்பால் விசிறினாள்.

எவ்வளவோ தூரம் வந்தும் இங்கேயும் இவன் தூக்கத்துக்குத்தான் காவல் இருக்கிறோம் என்று நினைத்தாள். கோபம் இல்லை. தாடையில் நரைத்திருந்த இரண்டு முடி, கை மணிக்கட்டில் மெஷின் சூடு பட்ட தழும்பு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருக்கிறவனுக்காக இப்படி ஏங்குவதை யாரிடம் சொன்னால் புரியும்?

மூன்று மணிக்கு அவன் எழுந்தான். நிழல் இடம் மாறியிருந்தது.

“ஏன் எழுப்பல?”

“எழுப்பத் தோணல.”

திருச்சிக்கு ஐந்தரைக்கு வந்து சேர்ந்தார்கள். இன்னும் ஐந்தாறு மணி நேரம் இருட்டில் ஓட்ட வேண்டும். அவன் தன் அண்ணன் சுடலைக்கு செல்போனில் பேசினான். “நாளை மத்தியானத்துக்குள்ள வந்துருதோம். பிள்ளைகள வச்சிக்கிட்டு ராத்திரி ஓட்ட முடியாது,” என்றான். அந்தப் பக்கம் சத்தம் பெரிதாகக் கேட்டது. இவன் காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் கேட்டுவிட்டு, “சரிண்ணே,” என்று வைத்தான்.

லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுக் கொள்ளிடத்துக்குப் போனார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். பிள்ளைகளுக்கு அதுவே போதுமாயிருந்தது. மணிகண்டபிரபு பேன்ட்டை மடித்துவிட்டு அவர்களோடு குழி தோண்டினான். அடியில் ஈரம் கசிந்து வந்ததும் மூன்று பேரும் ஒன்றாகக் கூவினார்கள். பிறகு அவன் மண் கையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வண்டில என்னமோ சொல்ல வந்தியே.”

அவள் சொன்னாள். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. மாசி மாசம், ரெண்டு மாசம் ஆகியிருந்தது, கிளியம்மாக்கா கூட்டிப் போனாங்க, அவ்வளவுதான் வந்தது.

“காய்ச்சல்னு சொன்னியே,” என்றான் அவன்.

“பஸ் வந்திருச்சு.”

“பஸ் போனா போகுதுன்னு சொல்லியிருக்கலாம்லா.”

“சொன்னா நின்னிருப்பியளா?”

நின்றிருப்பேன் என்று பொய் சொல்லாமல் இருந்தானே என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. மண் ஒட்டிய கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மணல் உறுத்தியது, விடுவிக்க மனம் வரவில்லை. இருட்டுகிறவரை அப்படியே இருந்தார்கள். ஆசைப்பட்டது கிடைத்த பிறகாவது மனசு அடங்கும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால், இதுபோல இன்னொரு சாயங்காலம் எப்போது என்றுதான் உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டேயிருந்தது.

மறுநாள் முகூர்த்தம் தவறி உச்சிவேளையில் மொட்டை நடந்தது. சுடலை அண்ணன் சாப்பாடு வரைக்கும் முகம் கொடுக்கவில்லை. பாயசம் வந்ததும், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சமாதானமாகிவிட்டார்.

திரும்பும்போது சனிக்கிழமை இரவு திருச்சியில் தங்கி, ஞாயிறு காலை கிளம்பினார்கள். யாரோ லீவு போட்டதால் அன்று ராத்திரியும் அவனுக்கு ஷிப்ட். பகல் பன்னிரண்டு மணிக்குள் வீடு போனால் அவனுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் மிஞ்சும். செங்கல்பட்டு தாண்டியதும் தங்கமாரி பையில் ஈரத்துணி, டம்ளர் என்று எடுத்து அடுக்கத் தொடங்கினாள். பேச்சு நின்றுவிட்டிருந்தது.

சிங்கப்பெருமாள்கோயில் வந்தது. ஒரகடம் ரோட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவன் திரும்பவில்லை. நேரே போனான்.

“திருப்பம் போயிருச்சு,” என்றாள்.

“தெரியும். வண்டலூர் போயி படப்பை வழியா சுத்திப் போவோம்.”

“எதுக்கு? நீங்க தூங்கணுமே.”

“ஒரு மணி நேரம் கொறஞ்சா ஒண்ணும் ஆயிராது.” கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே சொன்னான். “பெறவு என்ன நடந்துச்சு? அன்னைக்கு ஆஸ்பத்திரில. கிளியம்மாக்கா கூடவே இருந்தாகளா? முழுசா சொல்லு.”

அவன் தூக்கத்தில் ஒரு மணி நேரம் போகிறதே என்று ஒரு மனம் அடித்துக்கொண்டது. இன்னொரு மனம், வண்டலூர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கக் கூடாதா என்றது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கண் சொருகுகிறதா என்று அவன் முகத்தைப் பார்த்தபடியே, ஆட்டோ வந்த இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.