ஒண்ணாவதா, ரெண்டாவதா

என் மூக்குக்கண்ணாடிக் கடையின் கண் பரிசோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் எழுத்துப் பலகை மட்டும் தனியாக மிதக்கும். பகலா இரவா என்று தெரியாது. மனைவி இறந்துபோன பிறகு எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

மூன்று மணிக்கு அவள் தங்கை வந்தாள். யாரும் சொல்லாமலே கண் பார்க்கிற நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அஞ்சு மணிக்குள்ள சொல்லணும் மாமா. ஒண்ணைத்தான் வெச்சுக்க முடியும்."

இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. நூறு பேர் விண்ணப்பித்தால் மூன்று பேரைச் சேர்க்கிற இடங்கள். ஒன்று மலைமேல். மற்றது ஆற்றங்கரையில். என் மனைவி படித்தது ஆற்றங்கரையில். நானும்தான்.

விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தது என் மனைவி. தொடர்பு எண் என்ற இடத்தில் தன் எண்ணையே போட்டிருந்தாள். எந்த இடத்தை உறுதி செய்தாலும் அதற்கான ஆறு இலக்க ஓ.டி.பி. எண் அவள் போனுக்குத்தான் வரும். எட்டு மாதமாக அது இந்த அறையில், என் மேசை இழுப்பறையில் சார்ஜரோடு கிடக்கிறது.

"அப்பா என்ன சொல்றார்?"

"அக்கா படிச்ச இடம்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். நீங்க சொல்லுங்க."

விளக்கை அணைத்தேன். பழக்கதோஷம்.

"மலை நல்ல இடம். நீ கேக்கற வானியல் அங்கதான் பெருசு. குளிரும்."

"சரி. ஆத்தங்கரை?"

"காலையில ஆத்துலேர்ந்து பனி ஏறி வரும். வகுப்புக்குப் போறவங்களுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இருக்காது, மிதந்துதான் போவாங்க. நூலகத்துல மூணாவது மாடி, கடைசி ஜன்னல். அங்க உக்காந்தா தண்ணியோட வெளிச்சம் கூரையில ஆடும். புத்தகம் கையில இருக்கும், பக்கம் திரும்பாது. மணி அடிச்சாக்கூட உங்கக்கா எழுந்திருக்க மாட்டா. நான்தான் போய்..."

நிறுத்தினேன். எட்டு மாதத்தில் அவ்வளவு பேசியதில்லை. பலகையின் எழுத்துகள் கரைந்து அசைந்தன. இவள் அங்கே சேர்ந்தால், பார்க்கப் போகிற சாக்கில் நான் அந்த ஜன்னலுக்குப் போகலாம். அது மட்டும் கலங்காமல் தெரிந்தது.

"மாமா, ரெண்டாவது லென்ஸை ரொம்ப நேரம் வெச்சிருக்கீங்க."

அது என் மனைவியின் கிண்டல். லென்ஸை மாற்றி மாற்றி வைத்து "ஒண்ணாவதா, ரெண்டாவதா" என்று கேட்கும்போது, நான் முன்பே முடிவு செய்துவிட்டதைக் கண்முன் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துவேன். எதிரே இருப்பவரும் அதையே சொல்லிவிடுவார். ஏமாத்து வேலை என்பாள்.

"அதையும் சொல்லிட்டாளா?"

"எல்லாம் சொல்லுவா. உங்க குறட்டை வரைக்கும்."

பிறகு, மெதுவாக: "அங்க போனா யாரும் என்னைப் பாக்க மாட்டாங்க மாமா. அவளைத்தான் தேடுவாங்க. நீங்களும்."

ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்பதைக் கேட்டேன். இந்த முறை இரண்டுக்கும் ஒரே அளவு நேரம்.

"மலை. ஆத்தங்கரை. எது தெளிவா தெரியுது?"

"ஒண்ணாவது."

தன் போனில் அழுத்தினாள். இருட்டில் என் இழுப்பறையின் விளிம்பில் ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது. திறந்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசி எண் வாயிலேயே நின்றது.

"மாமா."

"ஏழு."

முடிந்தது.

"அப்பாகிட்ட யார் சொல்றது?" என்றேன்.

"நீங்கதான். மாப்பிள்ளை சொன்னா அவருக்கு வாயே திறக்காது."

"சரி, அந்த நம்பரை எடுத்துட்டு என்னோடதைப் போட்டுடு."

"வேண்டாம். என் மார்க்கெல்லாம் அதுக்கே வரட்டும். நாலு வருஷம் சார்ஜ் போடுங்க."

மலைக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.