அந்த ரத்தம் இல்லை

மருமகளின் சேலையில் ரத்தக் கறையைக் கண்டதும் மாமியார் நாச்சம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. மருதாத்தாளின் தட்டையும் சொம்பையும் எடுத்துப் போய், தொழுவத்துக்கு அப்பால் இருந்த ஓலைச் சாளையில் வைத்தாள். வீட்டுக்குத் தூரமான பெண்கள் ஒதுங்கியிருக்கும் இடம் அது.

"அத்தை, இது அந்த ரத்தமில்லீங்க. வெளிக்குப் போகையில வருது."

"எப்படி வந்தா என்ன புள்ள, தீட்டு தீட்டுத்தான். ஒடம்புச் சூடு. மோரைக் குடிச்சிட்டு உக்காரு."

சாளைக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்தாள் மருதாத்தாள். மெலிந்துபோன கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அவளுக்கு இது என்னவென்று தெரியும். மாமனார் ஆறுமுகசாமியின் வேட்டிகளைத் துவைத்தவள் அவள்தான். அதே ரத்தம், அதே சீதம், அதே நாற்றம்.

கூச்சத்தால் வெகுகாலம் மறைத்த அந்த மனிதர் வாய்விட்டுச் சொன்ன அன்றே வண்டி பூட்டினார்கள். வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்துப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடலில் புற்று, முற்றிவிட்டது என்றார் அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா. வயசான உடம்புக்கு வருவதுதானே என்று ஊரும் தலையை ஆட்டியது. அறுவடைக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

அவளோ மறைக்கவில்லை. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. இளவயசாம், சூடாம்! அந்த ஜமுக்காளத்தை நினைத்தபோது செத்துப்போனவர்மேல் அவளுக்குப் பொறாமை வந்தது. சீ என்று தன்னையே வைதுகொண்டாள். வெட்கம் கரைந்தபின் கோபம் மட்டும் மிஞ்சியது. சாவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மோரைக் குடித்துக்கொண்டே சாவதை எப்படிப் பொறுப்பது?

காலையில் சந்தைக்குப் போகப் புருஷன் கந்தப்பன் வண்டி பூட்டினான். சாளையிலிருந்து நேராக நடந்து வந்தவள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஐயோ, வண்டியத் தொட்டுட்டாளே!" நாச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தண்ணி தெளிச்சா வண்டி சுத்தமாயிருமுங்க அத்தை. நான் செத்தா எதைத் தெளிப்பீங்க?"

"எறங்கு மருதா," என்றான் கந்தப்பன். "மூலமாத்தான் இருக்கும். கருணைக்கெழங்கு தின்னாச் சரியாப் போயிரும். உனக்கென்ன எங்கப்பன் வயசா ஆச்சு?"

"அந்த வயசு வரோணும்னுதான் ஏறியிருக்கறேன். ஓட்டுங்க. இல்லாட்டி கவுத்தை இங்க குடுங்க, நானே ஓட்டறேன்."

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு மாட்டைத் தட்டினான்.

வாய்க்கால் மேட்டில் குப்பண்ணன் பல் விளக்கிக்கொண்டு நின்றார். "என்ன கந்தப்பா, தூரமானவளை வெச்சுக்கிட்டு ஊர்வலமா?"

"பாலக்காட்டுக்குங்கண்ணா," என்றாள் மருதாத்தாள். "வாரீங்களா? எடமிருக்குது."

குப்பண்ணன் வேப்பங்குச்சியைக் கடித்தபடி திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அதே வெள்ளைக்கார டாக்டரம்மாதான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சின்ன வயசு, மூலமாக இருக்கும், களிம்பு தருகிறேன் என்றார். மருதாத்தாள் உட்கார்ந்திருந்த பரிசோதனை மேஜையை விட்டு இறங்கவில்லை.

"எங்க மாமனாருக்குக் கையுட்டுப் பாத்தீங்களே, எனக்கும் பாருங்க. பொறவு களிம்பு குடுங்க."

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டார். வலித்தது. மருதாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். சட்டென்று அந்த முகம் மாறியது.

"கட்டி இருக்கிறது," என்றார். "அவருக்கு இருந்ததை விடச் சிறியது. வெட்டி எடுக்கலாம். பிழைப்பாய் என்று உறுதி சொல்ல முடியாது. உன் வயதில் இது வராதே அம்மா..."

"வந்துருச்சுங்களே. வெட்டுங்க."

வெளியே வந்தவளிடம் கந்தப்பன் கேட்டான். "என்ன சொன்னாங்க?"

"உங்கப்பனுக்கு வந்ததேதான்."

அவன் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் அழுது முடிக்கும் வரை அவள் நின்றாள். தனக்கும் அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை.

"எந்திரிங்க. இங்கயே தங்கோணும்னு சொல்றாங்க. ஊட்டுக்குப் போய் என்னோட தட்டையும் சொம்பையும் எடுத்துட்டு வாங்க. சாளைக்குள்ள இருக்குது. நீங்களே உங்க கையால எடுத்துட்டு வாங்க."