தினமும் ஏழு சீர்

கோபித்துக்கொண்டு போன மனைவியைச் சமாதானப்படுத்த மற்ற ஆண்கள் மல்லிகைப்பூ வாங்கிப்போவார்கள். இல்லையென்றால் நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்பார்கள். கார்த்திகேசன் குறள் வெண்பா அனுப்பினான். தினமும் ஒன்று, காலை ஆறே முக்காலுக்கு, வாட்ஸப்பில். இரண்டு அடி, ஏழு சீர், தளை பிசகாது. பிசகினால்தான் என்ன என்று கேட்க அந்த வீட்டில் அப்போது யாரும் இல்லை.

சிதம்பரம் மேலவீதியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் அவனுக்கு டிடிபி வேலை. நாளெல்லாம் அடுத்தவர் பெயர்களை டைப் அடிக்கிற பிழைப்பு. வெண்பா, கல்லூரி நாளில் பிடித்த பைத்தியம். பஸ்ஸில் ஒன்று, பல் விளக்கும்போது ஒன்று என்று விளையாட்டாய் எழுதிக்கொண்டிருந்தவன், மூன்று வருஷத்துக்கு முன்னால் மகன் எழிலன் நாலு வயதில் டெங்குக் காய்ச்சலில் போனபிறகு அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். துக்கத்தில் ஒருவன் குடிப்பான், ஒருவன் சாமியைத் திட்டுவான். இவன் சீர் பிரித்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் பிள்ளையின் பெயரை அவனால் டைப் அடிக்க முடியவில்லை, முதலாளியே உட்கார்ந்து அடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பெயர் அவன் விரலுக்கும் வரவில்லை, வாய்க்கும் வரவில்லை.

மனைவி ஸ்ரீமதி, பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தால் போதும், எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவான். இறங்கி வரும்போது கையில் ஒரு வெண்பா இருக்கும், நிலாவைப் பற்றி. ஒன்றரை வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கடலூரில் அண்ணன் பழனிவேல் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு வருஷம் இருந்துவிட்டு, பிரிந்துவிடலாம் என்று அவள் கேட்டபோது மனுவில் கையெழுத்துப் போட்டான். பேசத் தெரியாதவனுக்கு மறுக்க மட்டும் தெரிந்துவிடுமா? கோர்ட் ஆறு மாதம் தள்ளி வைத்தது. கடைசி நாளில்கூட ஒருத்தர் மனசு மாறினால் விவாகரத்து கிடையாது என்று வக்கீல் ஜெயராணி சொன்னார். அது போதும் என்று குறள் அனுப்ப ஆரம்பித்தான்.

அவள் பிறந்த ஊர் காடாம்புலியூர், முந்திரித் தோப்புகளின் நடுவே. அதை நினைத்து ஒருநாள் எழுதினான்:

முந்திரி பூத்த மணம்வரும் பாதையில்
வந்திடு மீண்டும் உடன்.

பதில் வராது. ஆனால் இரண்டு நீலக் குறியும் உடனே விழும். போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்று நினைத்து நாளெல்லாம் சந்தோஷமாய் இருப்பான். காத்திருந்தது நிஜம்தான். எதற்காக என்பதைத்தான் மனுஷன் யோசிக்கவில்லை.

ஆறு மாதம் முடிந்த அன்று கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நூற்று எண்பத்து மூன்றாவதை அனுப்பினான்:

கடலும் உறங்கும் கரையும் உறங்கும்
உடலில் உறங்காதென் கண்.

கோர்ட் வராந்தாவில் பழனிவேல்தான் முதலில் எதிர்கொண்டான். "வாங்க மாப்ள. டீ சொல்லட்டுமா?"

"வேணாம் மச்சான்."

அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல், தங்கையைக் கண்ணால் காட்டிவிட்டு பழனிவேல் ஒதுங்கிப்போனான். ஸ்ரீமதி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"காலையில வந்தத படிச்சேன்," என்றாள்.

"நல்லா இருந்திச்சா?"

"எல்லாமே நல்லாத்தான் இருந்திச்சி. ஒன்னக்கூட அழிக்கல." போனைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். "கடல் இருக்குது. மழ இருக்குது. எங்க ஊரு முந்திரி இருக்குது. என் கண்ணு, மூக்கு எல்லாம் இருக்குது. நம்ம புள்ள எங்கங்க?"

போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெனம் அலாரம் வெச்சி எழுந்து பாத்தேன். இன்னிக்காவது அவன் பேரு வரும்னு. வந்திருந்தா அன்னிக்கே பைய எடுத்துக்கினு பஸ் ஏறியிருப்பேன். எங்க அண்ணன் புள்ளைங்க சண்ட போடும்போதுகூட பந்தக் காட்டி அவன் பேரச் சொல்லுதுங்க. அதக் கேக்கத்தான் அங்க இருக்கேன்."

"எழுத உக்காந்தா வரல, ஸ்ரீமதி."

"எழுதவே வேணாம். சும்மா சொல்லுங்க. அவனப் பத்தி ஒன்னே ஒன்னு, என்கிட்ட. சொன்னீங்கன்னா உள்ள போயி எனக்கு வேணாம்னு சொல்லிடறேன்."

சொல்ல இல்லாமலா? அச்சகத்தில் பிள்ளை பேப்பர் கட்டுகளின் மேல் ஏறிக்கொண்டு, "சேம்பரம், சேம்பரம், ஏறு ஏறு" என்று சிதம்பரத்துக்குப் பஸ் ஓட்டுவான். இறக்கிவிட்டால் டிக்கெட் வாங்கவில்லை என்று அப்பனைப் பிடித்துக்கொள்வான். எதில் தொடங்குவது? எந்தச் சொல்லை முதலில் வைப்பது? ஸ்ரீமதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாய் நகர்ந்துகொண்டிருந்தது.

"சீர் எண்ணிக்கினு இருக்கீங்க," என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பான்.

உள்ளேயிருந்து அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி அம்மா காகிதங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "குழந்தைங்க இருக்காங்களா?"

மனுவில் இல்லை என்றுதான் எழுதியிருந்தது. ஸ்ரீமதி அவன் பக்கம் திரும்பினாள். இன்னமும் அவனுக்காகத்தான் காத்திருந்தாள், பாவி.

"இல்லைங்கம்மா," என்றான் கார்த்திகேசன்.

அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "இருந்தாங்கம்மா. எழிலன். நாலு வயசு ரெண்டு மாசம்."

நீதிபதியின் பேனா நின்றது. தணிந்த குரலில், "இதுக்கு உங்களுக்கு முழு சம்மதந்தானாம்மா?" என்று கேட்டார்.

"சம்மதம்."

காகிதம் அவனிடம் வந்தது. மகனுடைய பெயரை அவள் குரலில் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கவேண்டும்போல் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்படிக் கேட்கிற உரிமையைத்தான் அவன் அப்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.