ஒரு பிரேக் லீவருக்கு இரண்டு ராகுகாலம்

"ஒன்பதிலயிருந்து பத்தரை மட்டும் ராகுகாலம். அதுக்குள்ள இந்த ஸ்கூட்டரில ஒரு நட்டும் கழட்டேலாது." கதிர்காமநாதனின் குரல் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் தெருவின் கடைசி வீடு வரை கேட்டது.

"சார், கோடைக்காக இங்க மணியை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருக்காங்க. ராகு கடிகாரத்தையா பாக்கறாரு? சூரியனைத்தான் பாக்கறாரு. பத்துலேருந்து பதினொன்றரைதான் கணக்கு." இது ரங்கநாதன், இன்னும் சத்தமாக.

"இருபத்தாறு வருசமா இந்த நாட்டில நான் ஒன்பதுக்குத்தான் பாக்கிறன். எனக்கு ஒண்டும் நடக்கேல்லை."

"அதான் போன வாரம் உங்க பையன் ரிவர்ஸ்ல வந்து எங்க ஸ்கூட்டரைச் சாய்ச்சாரே."

இருவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள்; இரண்டு வீட்டுக்கும் ஒரே டிரைவ்வே. ஸ்கூட்டர் ரங்கநாதனின் தம்பி மகள் மஹதியுடையது. அதைச் சாய்த்து இடது பிரேக் லீவரை முறித்த கௌசிகன், கதிர்காமநாதனின் மகன். புது லீவரை அவனே வாங்கி வந்திருந்தான். நல்ல பையன்தான், பின்பக்கம் மட்டும் பார்க்க மாட்டான்.

மாட்டுவது கால் மணி நேர வேலை. ஆனால் வண்டி ஓடத் தகுதியானது என்று வாரண்ட் சான்று தரும் சோதனைக்காரர் சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் வண்டி எடுக்க மாட்டார். திங்களன்று மஹதிக்கு லின்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தில் புது வேலை. வாரண்ட் கிடைக்காவிட்டால் பெரியப்பாவே காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அந்தக் காரில், அவர் அவளுக்குப் பார்த்து வைத்திருக்கும் வெலிங்டன் மாப்பிள்ளையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. காருக்குச் சைல்ட் லாக் வேறு.

இரண்டு ராகுகாலத்தையும் சேர்த்தால் பதினொன்றரை ஆகிவிடும். இதை மஹதி இருவரிடமும் சொன்னாள். இருவரும், அப்படியானால் அடுத்த சனிக்கிழமை என்றார்கள். அன்று காலை அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

பத்து மணிக்கு ரங்கநாதன் தினசரிக் காலண்டரை எடுத்து வர உள்ளே போனார். கதிர்காமநாதன் கோயில் ஐயருக்குப் போன் செய்ய உள்ளே போனார்.

மஹதி ஸ்பேனரை எடுத்தாள். முறிந்த லீவரின் போல்ட்டைக் கழற்றினாள், பிரேக் கேபிளின் முனையை விடுவித்துப் புது லீவரில் மாட்டினாள், போல்ட்டைப் போட்டு நட்டை இறுக்கினாள். கௌசிகன் பக்கத்தில் நின்று, கேட்காமலே நட்டை நீட்டினான்.

"இப்ப நேரம் சரியில்லையாமே," என்றாள்.

"ஓம். ரெண்டு பேற்ற கணக்கிலயும் சரியில்லை," என்றான் அவன்.

பத்தே காலுக்கு அவள் கிளம்பினாள். பாதுகாப்புக்காக அவன் காரில் பின்னால் போனான். இந்த முறை கண்ணாடியைப் பார்த்துத்தான் ரிவர்ஸ் எடுத்தான்.

ஆதாரங்களுடன் திரும்பி வந்த பெரியவர்களுக்குத் தரையில் கிடைத்தது முறிந்த லீவர் மட்டும். தெருவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கேட்கவில்லை.

வாரண்ட் கிடைத்தது. வெலிங்டன் மாப்பிள்ளையின் புகழைக் காரில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாமல் போனது.

இரண்டு வருடம் கழித்து மஹதியும் கௌசிகனும் ஹாமில்டனுக்குப் போய்விட்டார்கள். ஸ்கூட்டரும் கூடப் போனது. அங்கே ஒரு பூங்காவில், ஜனவரி மாதச் சனிக்கிழமை பத்தே காலுக்குப் பதிவுத் திருமணம். நேரத்தை நாங்களும் ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபார்த்தோம்.

பெரியவர்கள் இருவரும் ஒரே காரில் வந்தார்கள். பதினொன்றரை வரை கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்று முப்பத்தொன்றுக்கு இறங்கிச் சாப்பிட வந்தார்கள்.